படத்தோடு அறிவிப்பு போட்டுவிட்டார்களா?

குலசேகரத்தில் ஒரு கடையிலோ பள்ளியிலோ ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால், அவர் வீடு போய்ச் சேருமுன்னே செய்தி திருவட்டாரையும் அருமனையையும் எட்டிவிடும். அடுத்த வேலைக்கும் பிள்ளைகளின் கல்யாணப் பேச்சுக்கும் அதுவே தடையாக நிற்கும். அதனால் இந்தக் குறிப்புகள்.

1. நிறுத்திய காரணத்தை அன்றே எழுத்தில் கேளுங்கள். கடையில் 6 மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமில்லாமல் நிறுத்த 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் (பிரிவு 41) இடம் தராது. மேல்முறையீடும் உண்டு, நாள் கடத்தாமல் நாகர்கோவில் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

2. "ராஜினாமா எழுதிக் கொடு, பெயர் கெடாது" என்றால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நாள் அவகாசம் கேளுங்கள்.

3. நாளிதழில் படம் போட்டு, "இவர் இப்போது எங்களிடம் வேலையில் இல்லை" என்று மட்டும் எழுதினால் அது பெரும்பாலும் வாடிக்கையாளருக்கான தகவல். "பணம் கையாடியவர்" என்று சேர்த்தால் கதை வேறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறைக் குற்றம் என்கிறது. "உண்மையைத்தானே சொன்னேன்" என்பது மட்டும் அங்கே போதாது. அதைச் சொன்னது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். எத்தனை முதலாளிகளுக்கு இது தெரியும்? வாட்ஸ்அப் குழுவில் போட்டாலும் இதே சட்டம்தான். பத்திரிகையை முழுப் பக்கமாக எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப் என்றால் தேதியும் அனுப்பியவர் எண்ணும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இழப்பீட்டு வழக்குக்கு ஓராண்டுதான் கெடு.

4. புது முதலாளி விசாரிக்கும்போது பழைய முதலாளி நல்லெண்ணத்தோடு, தேவையான அளவு பதில் சொன்னால் சட்டம் அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே நேர்முகத்தில் நீங்களே முந்திச் சுருக்கமாகச் சொல்லிவிடுவது நல்லது. பின்னணி விசாரணைக்குச் சம்மதம் கேட்கும் தாளையும் படித்துவிட்டே கையெழுத்திடுங்கள்.

5. அரசு ஊழியரா? உங்கள் மெமோ, தண்டனை உத்தரவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் அடுத்தவர் எளிதில் வாங்க முடியாது. அவை தனிப்பட்ட தகவல், பெரிய பொதுநலன் இருந்தால் மட்டுமே தரலாம் என்று கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது.

6. வளைகுடா வேலைக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டுமென்றால் பதவியும், சேர்ந்த நாளும் விலகிய நாளும் மட்டும் எழுதித் தரக் கேளுங்கள்.

7. வக்கீலுக்குப் பணமில்லையே என்று விட்டுவிடாதீர்கள். இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. 15100-க்கு அழையுங்கள்.