முதல் செலவு வீட்டுச் சுவருக்கு

மின்சாரக் கார் புக் செய்துவிட்டு டெலிவரிக்குக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "காரில் என்னென்ன மாட்டலாம்?" அலாய் வீல், சன் ஃபிலிம், ஆம்ப்ளிஃபயர், டேஷ்கேம், முன்னால் ஒரு கம்பி கார்டு என்று பட்டியல் நீளும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிக்காரர்களுக்கு இந்த ஆசை சற்றுக் கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் 1960களிலிருந்து லேத் பட்டறைகள். ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை. பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய். கிரெட்டா எலெக்ட்ரிக் அங்கேதான் தயாராகிறது. எதையும் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருக்கிறார்கள்.

அவர்களுக்கும் அவர்களை நம்பி வண்டியைக் கொடுப்பவர்களுக்கும் என் ஆலோசனை இதுதான்: ஆக்சசரீஸுக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை வீட்டு வயரிங்குக்குச் செலவிடுங்கள். மிச்சத்தைக் காருக்குச் செலவிடுங்கள். ஆனால் எந்த வயரையும் வெட்டாமல், சட்டத்தின் எல்லைக்குள்.

சார்ஜிங் பாயின்ட்

காருடன் வரும் போர்ட்டபிள் சார்ஜர் 15 ஆம்பியர் பிளக்கில் சொருகுவது. ஏறக்குறைய 3 கிலோவாட் இழுக்கும். "கீசரும் அவ்வளவுதானே இழுக்கிறது, அந்தப் பாயின்ட்டே போதும்" என்பார் வயரிங் செய்பவர். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் ஆறேழு மணி நேரம் நிற்காமல் இழுக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும் அந்த இடம் சூடேறிக்கொண்டே போகும். முதல் தடவை சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, பழுப்பேறிய துளை, கருகிய வாடை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாயின்ட்டை மறந்துவிடுங்கள்.

மீட்டர் போர்டிலிருந்து காருக்கென்றே தனி லைன் இழுங்கள். 15 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர் வரை ஓடும். குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும், பார்க்கிங் தூரமாக இருந்தால் அதைவிடத் தடிமனாக. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

அடுத்தது எர்த். வீட்டு ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் எர்த் இல்லாவிட்டாலும் ஓடிவிடும். கார் சார்ஜ் ஏற்ற மறுத்துவிடும். "சார்ஜர் பழுது" என்று சர்வீஸ் சென்டருக்குப் போகும் புகார்களில் பல, வீட்டு எர்த் கோளாறுதான். மல்டிமீட்டர் வைத்து சாக்கெட்டில் மூன்று அளவு எடுக்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. கடைசி அளவு பத்தைத் தாண்டினால் எர்த் குழியைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பழைய வீடுகளில் அந்தக் குழி டைல்ஸுக்கு அடியில் புதைந்து, தண்ணீர் கண்டு வருடக்கணக்காகியிருக்கும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்ததும் கோளாறு தலைகாட்டும். புதிதாக ஒரு எர்த் குழி போடுவதே தீர்வு.

சிலர் செய்யும் குறுக்கு வழியைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டால் கார் ஏமாந்து சார்ஜ் ஏற்றத் தொடங்கிவிடும். என்றைக்காவது நியூட்ரல் வயர் அறுந்தால், காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். மழையில் நனைந்த தரையில் செருப்பில்லாமல் நின்று கதவைத் தொடுபவர் உங்கள் குழந்தையாகவும் இருக்கலாம். இப்படி இணைப்பவரை அன்றைக்கே அனுப்பிவிட்டு வேறு ஆளைக் கூப்பிடுங்கள்.

7.2 கிலோவாட் சார்ஜர் எல்லோருக்கும் தேவையா? ஆவடியிலிருந்து கிண்டி போய்த் திரும்பினால் சுமார் 50 கிலோமீட்டர். அதற்கு எட்டு யூனிட் அளவுக்கு மின்சாரம் செலவாகும். 15 ஆம்பியர் பாயின்ட்டிலேயே மூன்று மணி நேரத்தில் அது ஏறிவிடும். பெரிய சார்ஜருக்கு மின்வாரியத்தில் அனுமதிக்கப்பட்ட லோடை உயர்த்த வேண்டியிருக்கும், பல வீடுகளில் த்ரீ பேஸும் கேட்க வேண்டியிருக்கும். தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்களும், வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் போட்டுக்கொள்ளட்டும். மற்றவர்களுக்கு அது வீண்செலவு.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் பொது மீட்டரில் சொருகி அசோசியேஷன் கூட்டத்தில் சண்டையை வளர்க்க வேண்டாம். சொந்த மீட்டரிலிருந்து சொந்த பார்க்கிங்குக்கு லைன் இழுக்க எழுத்தில் அனுமதி கேளுங்கள். இருக்கும் மின் இணைப்பிலேயே வீட்டில் காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. கடிதத்தோடு அதன் நகலையும் இணையுங்கள்.

ஈ.பி. பில்

ஷோரூமில் "கிலோமீட்டருக்கு எழுபது காசு" என்பார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. இங்கே ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஏறிவிடும். 2024 ஜூலைக் கட்டணப்படி 500க்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கும் அதிகம், 600க்கு மேல் 9 ரூபாய்க்கும் அதிகம், 1000க்கு மேல் 11 ரூபாய்க்கும் அதிகம்.

ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 450 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் 1,500 ரூபாய் அளவில் வரும். அதில் 300 யூனிட் காருக்காகக் கூடி 750 ஆனால், பில் 4,300 ரூபாயை நெருங்கும். ஆக, காருக்குப் போன ஒவ்வொரு யூனிட்டும் ஒன்பது ரூபாய்க்கு மேல். அந்த 300 யூனிட்டில் 2,000 கிலோமீட்டர் ஓடலாம்; கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள் அடங்கும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய்க்கு மேல் ஆகும். லாபம் லாபம்தான். ஆனால் எழுபது காசை நம்பி இ.எம்.ஐ. போட்டவர் முதல் பில்லைப் பார்த்துத் திடுக்கிடுவார்.

சொந்த மாடி உள்ளவர்கள் சோலாரையும் சேர்த்து யோசிக்கலாம். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அந்த அளவு பேனல் சென்னை வெயிலில் நாளுக்குப் பன்னிரண்டு யூனிட் அளவுக்குத் தரும். காரின் அன்றாடத் தேவைக்கு மேலேயே அது இருக்கும்.

எதை மாட்டலாம், எதை மாட்டக் கூடாது

பெரிய பேட்டரி 300, 400 வோல்ட்டில் இருந்தாலும் விளக்கு, பூட்டு, ஹாரன் எல்லாம் பழையபடி 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சுக்கும் அந்தச் சின்ன பேட்டரிதான் மின்சாரம் தர வேண்டும். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நூறு சதவீதம் இருந்தாலும் கார் அசையாது. இரவெல்லாம் விழித்திருக்கும் டேஷ்கேமும் நேரடியாக இழுக்கும் ஆம்ப்ளிஃபயரும் இந்தக் கோளாறை வரவழைப்பவை. டேஷ்கேம் மாட்டுங்கள், காரை அணைத்ததும் தானும் அணையும் லைனில் மாட்டுங்கள். இரவிலும் ஓட வேண்டுமானால், வோல்டேஜ் குறைந்ததும் துண்டிக்கும் கருவியோடு மாட்டுங்கள். ஸ்பீக்கரோ கேமராவோ, கப்ளரில் சொருகும் வகையை மட்டும் கேளுங்கள். வயரை வெட்டி டேப் சுற்றினால் வாரன்டி பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஆரஞ்சு நிற வயர் உயர் மின்னழுத்தம். எவ்வளவு தேர்ந்த மெக்கானிக் ஆனாலும் தெருவோரத்தில் அதைத் தொடக் கூடாது.

அடிப்பாகத்துக்குத் துரு தடுப்புப் பூச்சு அடிக்கும் கடைகள் ஏராளம். பேட்டரிப் பெட்டியின் மேல் அடிக்க விடாதீர்கள்; அதில் காற்று வெளியேறும் துளை இருக்கிறது, அடைபடக் கூடாது. பேட்டரியின் கூலன்ட் குறைந்தால் கடையில் கிடைக்கும் கூலன்ட்டையோ தண்ணீரையோ ஊற்றக் கூடாது. கம்பெனி சொன்ன வகை மட்டுமே.

வீல் விஷயத்தில் பாடிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் ஒன்று: மின்சாரக் கார் அதே அளவு பெட்ரோல் காரைவிட எடை கூடியது. டயரின் சுமைக் குறியீடு ஒரிஜினலுக்குக் குறையக் கூடாது. அகலமான டயரும் பெரிய வீலும் ரேஞ்சைத் தின்னும். சீட் கவர் வாங்கும்போது பக்கவாட்டு ஏர்பேக் விரிய இடம் விட்டுத் தைத்ததா என்று பாருங்கள்.

இனி சட்டம். பதிவுச் சான்றில் உள்ள அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முன்பக்கக் கம்பி கார்டு மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. பாதசாரிக்கு ஆபத்து என்பதோடு ஏர்பேக் சென்சாரின் வேலையையும் அது கெடுக்கும். கறுப்பு ஃபிலிம் 2012 முதல் தடைக்கு உட்பட்டது. முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் ஒளி உள்ளே வர வேண்டும். வெப்பத்துக்காக நிறமற்ற ஃபிலிம் ஒட்டுபவர்கள் தரச்சான்றை வண்டியிலேயே வைத்திருங்கள். சொந்த மின்சாரக் காருக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து. அதில் அலங்கார எழுத்து கூடாது. முழு வண்டியையும் வேறு நிறத்தில் ராப் செய்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவுச் சான்றைத் திருத்த வேண்டும்.

மழைக் காலம்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் கொரட்டூரும் அம்பத்தூர் எஸ்டேட்டும் தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். பார்க்கிங் சுவரில் அந்த வெள்ளத்தின் அழுக்குக் கோடு இன்னும் தெரிந்தால், அதுவே உங்கள் அளவுகோல். சாக்கெட், எம்சிபி, சார்ஜர் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலே வர வேண்டும்.

பேட்டரிக்கு ஐபி67 என்று விளம்பரம் வரும். ஒரு மீட்டர் அசையாத தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கியது என்பதே அதன் பொருள். சுரங்கப்பாதை வெள்ளத்தில் ஓட்டலாம் என்ற அனுமதி அல்ல. கார் மூழ்கிவிட்டால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். சக்கரம் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃபிளாட்பெட் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். பேட்டரியில் தண்ணீர் புகுந்த சேதத்துக்கும் சார்ஜருக்கும் இன்சூரன்ஸில் தனி ஆட்-ஆன் இருக்கிறதா என்று பாலிசி எடுக்கும்போதே கேளுங்கள்.

2023 நெக்ஸான் இவி போன்ற சில கார்களில், காரிலிருந்து வெளியே மின்சாரம் எடுக்கும் வி2எல் வசதி உண்டு. புயல் நாளில் ஃபிரிட்ஜும் ஃபேனும் அதில் ஓடும். அதை வீட்டு சாக்கெட்டில் சொருகி வீட்டுக்கே மின்சாரம் ஏற்ற நினைக்காதீர்கள். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் மின் ஊழியரின் உயிருக்கு அது எமன்.

பேட்டரி பராமரிப்பு

காரின் கையேட்டில் செல் வகையைப் பாருங்கள். எல்எஃப்பி என்றால் அவ்வப்போது நூறு சதவீதம் ஏற்றுவது நல்லது. மீதி அளவைக் கார் சரியாகக் கணக்கிட அது உதவும். என்எம்சி என்றால் அன்றாடத்துக்கு 80 சதவீதம் போதும், வெளியூருக்கு மட்டும் முழுதாக ஏற்றுங்கள். கத்திரி வெயிலில் நெடுந்தூரம் ஓட்டி வந்ததும் சார்ஜில் போடாமல் சற்று ஆறவிடுங்கள். ஃபாஸ்ட் சார்ஜரை பெங்களூர் சாலைப் பயணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடத்துக்கு வீட்டு மெதுவான சார்ஜே பேட்டரிக்கும் பர்ஸுக்கும் நல்லது.

கார் வீட்டுக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு லைனையும் எர்த்தையும் முடித்துவிடுங்கள். முதல் மாதம் காரை வந்தபடியே ஓட்டுங்கள். அதன் பிறகும் ஏதாவது குறைவதாகத் தோன்றினால் ஆக்சசரீஸ் கடைக்குப் போகலாம். கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்துதான் இருக்கும்.