காற்றுப்பை தூக்கும், அச்சைப் பிடித்து நிறுத்துவது யார்?

தாழ்தளப் பேருந்து நிறுத்தத்தில் வந்து நிற்கும்போது ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கேட்கும். படிக்கட்டுப் பக்கம் மெல்லத் தாழும். பாட்டி ஏறி அமர்ந்ததும் பேருந்து மறுபடி நிமிர்ந்துகொள்ளும். பேருந்தின் அடியில் உள்ள தடித்த ரப்பர் பைகளிலிருந்து காற்று வெளியேறும் சத்தம்தான் அது. விபத்தின்போது ஸ்டியரிங்கிலிருந்து விரிந்து வரும் பாதுகாப்புப் பையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வண்டியின் எடையை நாள் முழுக்கச் சுமக்கும் பை. இரும்பு ஸ்பிரிங் செய்யும் வேலையை இங்கே அடைபட்ட காற்று செய்கிறது.

அமெரிக்காவில் 1954இல் வந்த கிரேஹவுண்ட் நிறுவனத்தின் சீனிக்ரூசர் பேருந்திலும், 1957இல் வந்த கேடிலாக் எல்டொராடோ புரோஹாம் காரிலும் காற்றுப்பைகள் இருந்தன. அதே காலத்தில் கலிபோர்னியா இளைஞர்களுக்குக் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டும் மோகம் பிடித்திருந்தது. சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எந்தப் பாகமும் தொங்கக்கூடாது என்று 1958இல் அங்கே சட்டம் வந்தது. ரான் அகீரே என்பவர் 1959இல் தம் கார்வெட் காரில் நீரியல் பம்புகளைப் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் உயரும், மறுபடி தட்டினால் தாழும்! பின்னாளில் ஷெவர்லே எஸ்-10 போன்ற சிறு பிக்-அப் வண்டிகளைத் தாழ்த்தும் பட்டறைக்காரர்கள், நீரியல் பம்புகளை விட்டுப் பெருமளவில் காற்றுப்பைக்கு மாறினார்கள்.

அப்படி ஒரு பிக்-அப்பின் பின்பக்கத்தை இன்று நாம் காகிதத்தில் வடிவமைப்போம். எண்கள் கணக்கு எளிதாக வரும்படி நான் வைத்தவை. அறிவியல் உண்மையானது.

முதலில் எளிதான பகுதி. பின்பக்கத்தில் ஒவ்வொரு பையும் 300 கிலோகிராம் தாங்க வேண்டும் என்று கொள்வோம். விசை சுமார் 3000 நியூட்டன். பையின் விட்டம் 16 செ.மீ. என்றால் பரப்பளவு ஏறத்தாழ 200 சதுர செ.மீ., அதாவது 0.02 சதுர மீட்டர்.

அழுத்தம் = விசை ÷ பரப்பளவு = 3000 ÷ 0.02 = 150,000 பாஸ்கல் = 150 கிலோபாஸ்கல்.

பெட்ரோல் நிலையத்தில் அப்பா கார் டயருக்குக் காற்று அடிக்கும்போது அந்தக் கருவியைப் பாருங்கள். 200, 220 என்று காட்டும். ஒரு வண்டியின் பின்பாதியைத் தூக்க டயர்க் காற்றின் அளவுகூடத் தேவைப்படவில்லை. வண்டியில் 500 கிலோ சரக்கு ஏற்றினால் ஒரு பைக்கு 5500 நியூட்டன் வரும்; 275 கிலோபாஸ்கலுக்குக் காற்றைக் கூட்டினால் வண்டி பழைய உயரத்திலேயே நிற்கும். இரும்பு ஸ்பிரிங்கால் இது முடியாது. சுமை ஏற ஏற அது தாழ்ந்துகொண்டே போகும்.

இத்தோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டை ஸ்பிரிங்கைக் கழற்று, பையை வை, காற்றை அடி. அப்படிச் செய்தால் வண்டி பட்டறை வாசலைக்கூடத் தாண்டாது.

ஏன்? லோரிகளின் அடியில் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பட்டை ஸ்பிரிங். எடையைத் தாங்குவது அதன் வேலைகளில் ஒன்று மட்டுமே. அதன் இரு முனைகளும் சேசிஸில் பூட்டப்பட்டிருக்கும். நடுவில் அச்சு இறுகக் கட்டப்பட்டிருக்கும். ஆகவே அச்சு முன்னே பின்னே ஓடாமலும், பக்கவாட்டில் நழுவாமலும், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமலும் பிடித்திருப்பதும் அதே பட்டைதான். ரப்பர் பைக்கு அந்தத் திறமை கிடையாது. அதற்குத் தெரிந்தது மேலும் கீழும் தள்ளுவது மட்டும். பட்டையைக் கழற்றிய நிமிடத்தில் அச்சுக்கு ஆதரவு போய்விடுகிறது. அந்த ஆதரவைத் திருப்பித் தருவதே இணைப்புத் தண்டுகளின் வேலை. வடிவமைப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

வெளியில் தனியாக மிதக்கும் ஒரு பொருள் ஆறு விதமாக அசையலாம். மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்று மூன்று நகர்வுகள். அந்த மூன்று திசைகளையும் சுற்றி மூன்று சுழற்சிகள். பின் அச்சுக்கு இவற்றில் இரண்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும். குழி மேட்டில் அச்சு மேலும் கீழும் போகலாம். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது அச்சு ஒரு பக்கமாகச் சாயலாம். மீதி நான்கையும் கட்டிப்போட வேண்டும். முன்-பின் ஓட்டம், பக்க நழுவல், ஒரு சக்கரம் முந்தி மறுசக்கரம் பிந்தும் திருகல், அச்சு தன்னையே சுற்றிக்கொள்ளும் உருளல் ஆகியவையே அந்த நான்கு.

இரு முனையிலும் உருண்டை மூட்டு உள்ள ஒரு தண்டு, தன் நீளத்தின் திசையில் நடக்கும் ஓர் அசைவை மட்டுமே தடுக்கும். நான்கு அசைவுகளைத் தடுக்க நான்கு தண்டுகள் போதும்! இதைத்தான் பட்டறைகளில் ‘ஃபோர் லிங்க்’ என்கிறார்கள்.

ஆனால் எந்த நான்கும் ஆகாது. பக்கத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என நான்கு தண்டுகளையும் வண்டியின் நீளவாக்கில் இணையாக வைத்தால் என்ன ஆகும்? நான்கும் “முன்னே பின்னே போகாதே” என்று ஒரே பாட்டைத்தான் பாடும். அதில் மூன்று தண்டுகள் சேர்ந்து முன்-பின் ஓட்டம், திருகல், உருளல் மூன்றையும் நிறுத்திவிடும். நான்காவது, முன்பே தடுத்ததையே மறுபடி தடுக்கிறது. பக்க நழுவலைக் கேட்க ஆளில்லை.

இதை நம்ப ஐந்து நிமிடச் சோதனை போதும். தடித்த அட்டை ஒன்று, ஐஸ்கிரீம் குச்சிகள் நான்கு, குண்டூசிகள் சில எடுத்துக்கொள்ளுங்கள். அட்டைதான் சேசிஸ். இரண்டு குச்சிகளின் ஒரு முனையை அட்டையில் இணையாகக் குத்துங்கள். மறுமுனைகளை மூன்றாவது குச்சியோடு குத்தி இணையுங்கள். அதுதான் அச்சு. இப்போது அச்சைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். செவ்வகம் இணைகரமாகச் சரிந்து நழுவும். நான்காவது குச்சியின் ஒரு முனையை அச்சிலும் மறுமுனையைச் சாய்வாக அட்டையிலும் குத்துங்கள். மறுபடி தள்ளிப் பாருங்கள். அசையாது. சாய்ந்த குச்சியால் அங்கே ஒரு முக்கோணம் உருவாகிவிட்டது. குண்டூசி தளர்வாக இருந்தால் சற்று ஆடும்; அதுவும் ஒரு பாடம்தான், மூட்டு தேய்ந்த வண்டியும் அப்படித்தான் ஆடும்.

பிக்-அப்பில் இதற்கு இரண்டு வழிகள். மேல் தண்டுகள் இரண்டையும் ‘வி’ எழுத்துபோல் சாய்த்து வைக்கலாம். அப்போது நான்கு தண்டுகளும் நான்கு வேலையைச் செய்யும், எதுவும் மிகையில்லை. அல்லது நான்கையும் இணையாகவே விட்டு, ஐந்தாவதாகக் குறுக்கே ஒரு தண்டு போடலாம். ஒரு முனை அச்சில், மறுமுனை சேசிஸில். பிரெஞ்சுக் கார் நிறுவனத்தின் பெயரால் இதைப் பன்ஹார்ட் தண்டு என்பார்கள்.

குறுக்குத் தண்டில் ஒரு சிக்கல் உண்டு. அதன் முனை நேர்க்கோட்டில் ஏறி இறங்காது, வட்டவில்லில் போகும். ஆகவே அச்சு உயரும்போது பக்கவாட்டிலும் கொஞ்சம் இழுபடும். எவ்வளவு என்று பித்தாகரஸ் சொல்லிவிடுவார். தண்டின் நீளம் 100 செ.மீ., அது கிடையாக இருந்த நிலையிலிருந்து அச்சு 10 செ.மீ. உயர்கிறது என்றால்:

விலகல் = 100 − √(100² − 10²) = 100 − 99.5 = 0.5 செ.மீ.

பரவாயில்லை. ஆனால் காற்றுப்பை வண்டி மற்ற வண்டிகள்போல் அல்ல. முழுக்கத் தாழ்ந்து படுக்கும். 20 செ.மீ. அசைவுக்குக் கணக்குப் போட்டால் 2 செ.மீ. வருகிறது. அசைவு இரு மடங்கானதும் விலகல் நான்கு மடங்கானதைக் கவனித்தீர்களா? இடம் போதவில்லை என்று 50 செ.மீ. தண்டு போட்டால் அதே 20 செ.மீ. அசைவில் 4.2 செ.மீ. விலகும். டயர் ஒரு பக்கச் சுவரில் உரசிவிடும். குறுக்குத் தண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. வண்டி ஓடும் உயரத்தில் அது கிடையாக இருக்க வேண்டும். இந்த விலகலே வேண்டாம் என்றால் ஜேம்ஸ் வாட் 1784இல் நீராவி இயந்திரத்துக்காகக் கண்ட நேர்க்கோட்டு இணைப்பைப் பயன்படுத்தலாம். வாட் தம் மற்றக் கண்டுபிடிப்புகளைவிட இந்த இயக்கத்தை எண்ணியே அதிகம் பெருமைப்பட்டவர்.

அடுத்தது மேல் தண்டுக்கும் கீழ்த் தண்டுக்கும் நடுவே விடும் இடைவெளி. பிரேக் பிடிக்கும்போது தரை, பின் டயர்களை 3000 நியூட்டன் விசையோடு பின்னோக்கி இழுக்கிறது என்று கொள்வோம். கீழ்த் தண்டுகள் தரையிலிருந்து 20 செ.மீ. உயரத்திலும், மேல் தண்டுகள் அதற்கு மேலே 20 செ.மீ. தள்ளியும் உள்ளன. கீழ்த் தண்டின் மூட்டைச் சுற்றித் திருப்புத்திறனைச் சமன் செய்யுங்கள்:

3000 × 20 = மேல் தண்டுகளின் விசை × 20

மேல் தண்டுகள் 3000 நியூட்டனில் அமுக்கப்படுகின்றன. கீழ்த் தண்டுகள் தரையின் 3000-ஐயும் இந்த 3000-ஐயும் சேர்த்து 6000 நியூட்டன் இழுவிசையைத் தாங்குகின்றன. தரை தந்தது 3000 மட்டுமே. தண்டுக்கு வந்ததோ 6000! இப்போது வண்டியைத் தாழ்த்த இடம் வேண்டும் என்று இடைவெளியை 10 செ.மீ. ஆக்குங்கள். மேலே 6000, கீழே 9000. போல்ட் அதேதான், பற்றவைப்பும் அதேதான். சுமை மட்டும் கூடிவிட்டது. அழகுக்காக இடைவெளியைச் சுருக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மூட்டு முறிவது வண்டி நிற்கும்போது அல்ல. யாரோ ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்து, ஓட்டுநர் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கும் அந்தக் கணத்தில்தான்.

சரி, பையை எங்கே வைப்பது? நேராக அச்சின் மேல் வைத்தால் கணக்கு எளிது. ஆனால் பை 15 செ.மீ. விரிந்தால் சக்கரமும் 15 செ.மீ.தான் நகரும். பலர் பையைக் கீழ்த் தண்டின் மேல் வைக்கிறார்கள். அப்போது தண்டு, நீங்கள் படிவம் 2இல் படித்த நெம்புகோலாகிவிடும். தண்டின் நீளம் 80 செ.மீ., சேசிஸ் மூட்டிலிருந்து 60 செ.மீ. தொலைவில் பை என்றால்:

பையின் விசை × 60 = 3000 × 80; பையின் விசை = 4000 நியூட்டன்.

அழுத்தம் 150இலிருந்து 200 கிலோபாஸ்கலுக்கு ஏறும். பதிலுக்கு, பை 15 செ.மீ. விரிந்தால் சக்கரம் 20 செ.மீ. நகரும். இலவசமாக எதுவும் கிடைக்கவில்லை: விசையில் கொடுத்தோம், தூரத்தில் வாங்கினோம்.

இங்கே கண்ணில் படாத ஒரு விலையும் உண்டு. இதுவரை தண்டுகள் நீளவாக்கில் இழுபட்டன, அமுக்கப்பட்டன, அவ்வளவுதான். பையை மேலே ஏற்றியதும் கீழ்த் தண்டு வளைக்கவும்படுகிறது. பை இருக்கும் இடத்தில் வளைக்கும் திருப்புத்திறன் 3000 × 0.2 = 600 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் கம்பியைச் சுவரில் பதித்து, அதன் நுனியில் 60 கிலோ ஆள் தொங்குவதற்குச் சமம். இது நிற்கும் வண்டிக்கு. குழியில் விழுந்தால் இன்னும் கூடும். பையைத் தண்டுக்கு மாற்றுபவர் தண்டையும் அதற்கேற்பத் தடிப்பாக்க வேண்டும்.

குழியில் விழும்போது பைக்குள் நடப்பதைப் படிவம் 4இன் பாயில் விதி சொல்லும். அச்சின் மேல் உள்ள பையில் மானி காட்டுவது 150 கிலோபாஸ்கல். மாணவர்கள் பெரும்பாலும் இதையே நேராகச் சமன்பாட்டில் போடுவார்கள். மானி காட்டுவது வளிமண்டலத்துக்கு மேலான அழுத்தத்தை மட்டும். 100-ஐக் கூட்டி 250 என்று தொடங்க வேண்டும். கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 250 ÷ 0.8 = 312.5. மானியில் 212.5. பையின் பரப்பளவு மாறாது என்று கொண்டால் விசை 3000இலிருந்து 4250 நியூட்டனுக்குத் தாவுகிறது. மேலும் அமுக்கினால் இன்னும் வேகமாக ஏறும். எனவே காற்றுப்பை தொடக்கத்தில் மென்மையாகவும் போகப்போகக் கெட்டியாகவும் இருக்கிறது. உண்மையில் அமுக்கம் நொடிக்குள் நடப்பதால் காற்று சூடாகி, விசை இதைவிடவும் கூடும். குழியைத் தாண்டிய பிறகும் வண்டி குதித்துக்கொண்டே இருக்காமல் தடுக்க அப்சார்பர் தனியாக வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வியைக் கேட்காமல் எந்த வடிவமைப்பையும் ஏற்கக்கூடாது: நெடுஞ்சாலையில் பை கிழிந்தால்? தண்டுகள் சரியாக இருந்தால் அச்சு தன் இடத்திலேயே இருக்கும். வண்டி தாழ்ந்து ரப்பர் முட்டுக்கட்டையில் உட்காரும். ஓட்டுநர் ஓரமாக நிறுத்தலாம். அந்த முட்டுக்கட்டை, டயர் உடலில் உரசுவதற்கு முன்பே, சேசிஸ் தரையைத் தொடுவதற்கு முன்பே தாங்கும்படி இருக்க வேண்டும். பையின் அருகில் கூரான விளிம்போ புகைக் குழாயோ இருக்கக்கூடாது. பழுது பார்ப்பவர் காற்றை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. இரும்புத் தாங்கிகள் வைத்த பிறகுதான். இங்கே மலேசியாவில் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியில்லாமல் இப்படி வண்டியை மாற்றியமைப்பது குற்றம் என்பதையும் உங்கள் வீட்டு அண்ணன்மார்களுக்குச் சொல்லி வையுங்கள்.

இந்த வாரக் கணக்கு: அதே 80 செ.மீ. தண்டை அச்சுக்குப் பின்னால் நீட்டி, சேசிஸ் மூட்டிலிருந்து 100 செ.மீ. தொலைவில் பையை வைக்கிறோம். சக்கரத்தில் 3000 நியூட்டன். (அ) பையின் விசையும் அழுத்தமும் எவ்வளவு? (ஆ) பை 15 செ.மீ. விரிந்தால் சக்கரம் எவ்வளவு நகரும்? (இ) தண்டில் வளைவு எந்த இடத்தில் மிக அதிகம்? விடைகள் அடுத்த வாரம்.