மழை ஓய்ந்ததும் முதல் வேலை: 72 மணி நேரத்துக்குள் சொல்லுங்கள்
(ஜெயங்கொண்டம் வட்டார விவசாயிகளுக்கு ஐப்பசி மாத ஆலோசனை)

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. செம்மண் கொல்லைகளில் மக்காச்சோளம் வளர்ந்து நிற்கிறது; தா.பழூர் பக்கம் சம்பா வேலை நடக்கிறது. வழக்கமானவற்றை முதலில் சொல்லிவிடுகிறோம். வடிகால் வெட்டுங்கள். வரப்பு உடைப்பை இன்றே அடையுங்கள். தண்ணீர் தேங்கி நிற்கும்போது யூரியா போடாதீர்கள். முந்திரியில் காய்ந்த கிளைகளைக் கழியுங்கள். பயிர்க் காப்பீடு செய்யுங்கள். சம்பா நெல்லுக்கு உங்கள் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. நீட்டிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

அடங்கலை வாங்கி மடித்து வைக்காமல் படித்துப் பாருங்கள். கொல்லையில் சோளமும் அடங்கலில் பருத்தியும் இருந்தால், சேதம் பார்க்க வருபவர் எதை எழுதுவார்?

இப்போது, நாங்கள் மிகவும் பயப்படுகிற விஷயம். காப்பீட்டில் நெல்லுக்கும் சோளத்துக்கும் இழப்பீடு பொதுவாகக் கிராமத்தை வைத்துத்தான் கணக்காகிறது. நெல்லில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து எடை போடுவார்கள். ஊர் சராசரி நன்றாக இருந்தால், உங்கள் ஒரு வயல் மட்டும் நாசமானது அதில் தெரியாது. ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு, தண்ணீர் தேக்கம் என்று உங்கள் வயல் தனியாக அடிபட்டால் 72 மணி நேரத்துக்குள் நீங்களே தெரிவிக்க வேண்டும். மூன்று நாள். நான்காவது நாள் இல்லை.

நெல் வயலில் தண்ணீர் தேங்குவதை 2018-இல் இந்தத் தனி வயல் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரிப் முதல் மீண்டும் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. ஆகவே நெல்காரர்களும் சும்மா இருக்க வேண்டாம்.

அறுத்து வயலிலேயே பரப்பிக் காயவிட்ட பயிருக்கும் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. வயலில் காய்ந்தால்தான். தார்ச்சாலையில் கொட்டிக் காயவைத்த சோளம் நனைந்துவிட்டது என்று வந்து நிற்காதீர்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

தை பிறந்தால் மழை போய்விடும் என்ற பழைய கணக்கும் உதவாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை ஒரே இரவில் கொட்டவும் செய்யும். 2021 ஜனவரியில், பொங்கலை ஒட்டி, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா கதிரிலேயே முளைத்தது.

சேதத்தை நீங்களே எடை போடப் பழகுங்கள். வயலுக்குள் குறுக்காக நடந்து ஐந்து இடத்தில் நில்லுங்கள். சோளமென்றால் இடத்துக்கு 20 செடி, மொத்தம் 100. கருதுக்குக் கீழே முறிந்தது எத்தனை? நெல்லென்றால் ஒரு சதுர மீட்டரில் சாய்ந்து மூழ்கிய குத்துகளை எண்ணுங்கள். மோசமான மூலையை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். வந்து பார்ப்பவருக்குக் கண் இருக்கிறது. 25 சதுர மீட்டரில் 10 கிலோ கிடைத்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,620 கிலோ என்று கணக்கு.

அரசு நிவாரணம் காப்பீடு அல்ல, அது வேறு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையொட்டி அறிவித்தபடி, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமானால் இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, முந்திரி போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுக்கும். அதற்கு முன் உழுதுவிட்டால், வெறும் மண்ணைப் பார்த்து எத்தனை சதவீதம் என்று எழுதுவது?

போன கார்த்திகையில் ஒருவர் ஐந்தாம் நாள் வந்தார். சோளம் முழுக்கச் சாய்ந்துவிட்டதாம். இடையில் என்ன செய்தீர்கள் என்றால், ஒரு கல்யாணம், பிறகு டிராக்டர் கிடைத்தது, ஓட்டிவிட்டேன் என்கிறார். கோபம்தான் வந்தது, என்ன செய்ய. மறுபடியும் சொல்கிறோம்: 72 மணி நேரம். பார்த்து எழுதும்வரை ஏர் பூட்டாதீர்கள்.

தெரிவிக்க வேண்டிய எண் 14447. சர்வே எண், பயிர், சேதமான நாள், காரணம், காப்பீட்டு ரசீது ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். இடம் பதிவாகும்படி படம் எடுங்கள். எண்ணை வீட்டுப் பிள்ளைகளின் போனிலும் பதிந்து வையுங்கள். புயல் நாளில் கரண்ட் இருக்காது, உங்கள் போனில் சார்ஜும் இருக்காது.