நீருக்குள் மறையும் வெப்பம்

பொருள்கள் திண்மம், நீர்மம், வளிமம் என மூன்று நிலைகளில் காணப்படுகின்றன என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறுகையில் வெப்பம் என்ன ஆகிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுக்களையில் நாள்தோறும் நிகழும் இதனை அறிந்துகொண்டால் எரிபொருளும் மிஞ்சும்; விபத்தும் தவிரும்.

0 பாகை செல்சியஸில் உள்ள ஒரு கிராம் பனிக்கட்டியை எடுத்துக்கொள்வோம். அதனை உருக்க ஏறத்தாழ 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகி முடியும்வரை வெப்பநிலை 0 பாகையை விட்டு உயராது. உருகிய நீரை 100 பாகைக்குச் சூடாக்க 100 கலோரி போதும். அந்நீர் முழுவதும் ஆவியாகவோ மேலும் 540 கலோரி தேவை. அப்போதும் வெப்பநிலை 100 பாகையிலேயே நிற்கும்.

அவ்வாறாயின் நாம் கொடுத்த வெப்பம் எங்கே போயிற்று? நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்திருக்கின்றன. பனிக்கட்டியில் அவை தத்தம் இடத்தில் நின்று அதிர்கின்றன. நீரில் நெருங்கியிருந்தும் இடம்மாறி நகர்கின்றன. ஆவியில் பிரிந்து பறக்கின்றன. அந்தப் பிடியைத் தளர்த்தவே வெப்பம் செலவாகிறது. ஆதலால் வெப்பநிலை உயர்வதில்லை. 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் என்னும் அறிஞர் இதனை ஆராய்ந்து விளக்கினார். இதுவே உள்ளுறை வெப்பம் எனப்படுகிறது.

கோடையில் மண்பானை நீர் குளிர்வதும் இதனாலேயே. பானையின் புறத்தே கசிந்து ஆவியாகும் நீர், தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிடமிருந்தே பெற்றுக்கொள்கிறது.

மறைந்த வெப்பம் அழிந்துவிடுவதில்லை. ஆவி மீண்டும் நீராகும்போது அது முழுவதும் வெளிப்படும். ஒரு கிராம் கொதிநீர் நம் கையில் பட்டு, உடல் வெப்பமாகிய 37 பாகைக்குத் தணிந்தால் 63 கலோரியைத் தரும். ஒரு கிராம் கொதியாவியோ 540உம் 63உம் சேர்ந்து 603 கலோரியைத் தரும். ஏறத்தாழ பத்து மடங்கு! ஆகவே இட்லிக் கொப்பரையின் மூடியை முகத்துக்கு எதிர்ப்புறமாகத் தூக்கித் திறத்தல் வேண்டும். குக்கரை, அழுத்தம் முற்றிலும் அடங்கிய பின்னரே திறக்க வேண்டும். ஆவி பட்டுவிட்டால் உடனே அவ்விடத்தைக் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுக. பனிக்கட்டி வைத்தலும், மாவோ பற்பசையோ தடவுதலும் கூடா. கொப்புளம் பெரிதாயினும், முகத்தில் பட்டிருப்பினும் மருத்துவரை நாடுக.

இன்னொன்றையும் நினைவிற்கொள்க. திறந்த பாத்திரத்தில் நீர் கொதித்தபின் தீயைப் பெருக்கினால் அது மேலும் சூடாவதில்லை. ஆவிதான் விரைந்து வெளியேறும். தீயைத் தணித்து, தட்டால் மூடி, மெல்லக் கொதிக்க விட்டாலும் பருப்பு அதே வெப்பத்தில் வேகும்.

இறுதியாக, வீட்டுப் பிள்ளைகளிடம் இவ்வினாவைக் கேளுங்கள்: ஒரு குவளைப் பழச்சாற்றைக் குளிர்விக்க, 0 பாகை நீரைவிட அதே எடையுள்ள 0 பாகைப் பனிக்கட்டி சிறந்தது, ஏன்? விடையை 80 என்னும் எண்ணில் தேடச் சொல்லுங்கள்.