மகள் கிளவுட் பரீட்சைக்குக் கடன் கேட்டால்...



போன மாதம் மகாராஜபுரத்தில் ஒரு குழுக் கூட்டத்தில் 30,000 ரூபாய் உள்கடன் கேட்டு மனு வந்தது. காரணம் என்ற இடத்தில் "மகள் கிளவுட் படிக்க" என்று எழுதியிருந்தது. மாட்டுக் கடன் என்றால் பல்லைப் பிடித்துப் பார்க்க நமக்குத் தெரியும். இதில் எதைப் பார்ப்பது? ஊக்குநர் முதற்கொண்டு எல்லாரும் முழித்தோம். முன்பு ஓர் உறுப்பினர், டவுனில் ஒரு பயிற்சி நிலையத்தில் "வேலைக்கு நாங்க கேரண்டி" என்ற பேச்சை நம்பிப் பணம் கட்டினார். கையில் வந்தது அவர்களே அச்சடித்த ஒரு சான்றிதழ்தான். தவணை இன்னும் முடியவில்லை. அதனால் கடனை ஒரு வாரம் தள்ளிவைத்து விசாரித்தோம்.

கிளவுட் என்றால் மேகம். ஆனால் மேகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை! கல்யாணத்துக்கு 500 பேருக்குச் சமைக்க அண்டா, குண்டா எல்லாம் விலைக்கா வாங்குகிறோம்? வாடகைக்கு எடுத்து, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கிறோம். அதே கதைதான். கம்பெனிகள் சொந்தமாகப் பெரிய கம்ப்யூட்டர்களை வாங்கி வைக்காமல் அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் இவர்களிடம் இன்டர்நெட் வழியாக வாடகைக்கு எடுக்கின்றன. தீபாவளி வியாபாரத்துக்குக் கூட்டம் வந்தால் நாலு அண்டா கூடுதல், முடிந்ததும் குறைத்துக்கொள்ளலாம். அந்தக் கம்ப்யூட்டர்கள் இருப்பது கட்டடத்தில்தான். அமேசான் மும்பையில் 2016-லும், ஹைதராபாத்தில் 2022-லும் தொடங்கியது. மைக்ரோசாஃப்ட்டுக்குச் சென்னையிலும் உண்டு.

அந்தப் பெண் எழுத நினைத்தது அமேசானின் முதல்படித் தேர்வு. பெயர் 'கிளவுட் பிராக்டிஷனர்'. இன்ன டிகிரி வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பன்னிரண்டு முடித்த மருமகளும் எழுதலாம். 90 நிமிடத்தில் 65 கேள்வி. எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். 1000-க்கு 700 எடுத்தால் பாஸ். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றைக்கூட விடாமல் எழுத வேண்டும். சான்றிதழ் 3 வருடம் செல்லும்.

தேர்வுக் கட்டணம் 100 டாலர். வரியும் சேர்த்தால் ஏறக்குறைய 10,000 ரூபாய். பாடமோ இலவசம்! 'ஸ்கில் பில்டர்' என்ற அமேசானின் தளத்திலேயே இந்தத் தேர்வுக்கான அடிப்படைப் பாடமும் மாதிரிக் கேள்விகளும் காசில்லாமல் கிடைக்கின்றன. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், தமிழக அரசு 2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கிளவுட் பாடம் இருக்கிறதா என்று கல்லூரியில் முதலில் கேட்கட்டும். அப்படியானால் மீதி 20,000 எதற்கு என்று கேட்டோம். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை.

எதைப் படிப்பது? கிளவுட் சேவைகள் பற்றி 34 சதவீதம், பாதுகாப்பு 30, அடிப்படைக் கருத்துகள் 24, பில் கணக்கு 12. பிள்ளைகள் சேவைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதிலேயே நாளை ஓட்டிவிடுகிறார்கள். பாதுகாப்பில் கோட்டை விடக்கூடாது. அதிலே யாருக்கு என்ன பொறுப்பு என்பது முக்கியமான பாடம். வாடகை வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரும் கூரையும் வீட்டுக்காரர் பாடு. கதவைப் பூட்டுவது, சாவியைப் பத்திரமாக வைப்பது நம் பாடு. அதுபோலக் கட்டடமும் மிஷினும் அமேசான் பொறுப்பு, உள்ளே வைக்கும் தகவலும் பாஸ்வேர்டும் எடுத்தவர் பொறுப்பு. ராத்திரி சாப்பிட்டதும் "இன்னைக்கு என்ன படிச்சே, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்று மகளைக் கேளுங்கள். அம்மாவுக்குத் தமிழில் சொல்ல முடிந்தால் அவளுக்கு அது புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

செய்து பழகுவதிலும் கவனம் வேண்டும். கணக்கு இலவசத் திட்டமா, கட்டணத் திட்டமா என்று பார்த்துத் தொடங்கணும். கட்டணக் கணக்கில் ஒரு சர்வரை ஓடவிட்டு மறந்தால், திருப்பிக் கொடுக்காத அண்டாவுக்கு வாடகை ஏறுகிற மாதிரி பில் ஏறும்.

தேர்வு தமிழில் இல்லை. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் கேட்டால் 30 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள். தேதி பதிவு செய்வதற்கு முன்பே கேட்டு வாங்க வேண்டும். அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கணும். நம் ஊரில் இனிஷியலை ஓரிடத்தில் சுருக்கியும் ஓரிடத்தில் விரித்தும் எழுதுகிறோமே, அதைச் சரிபாருங்கள். வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது. குழந்தை ஓடிவந்தாலோ கரண்ட் போனாலோ சிக்கல்தான். தேர்வு மையத்துக்கு பஸ் ஏறிப் போவதே நல்லது என்பது எங்கள் எண்ணம். தோற்றால் 14 நாள் கழித்து மறுபடி எழுதலாம், ஆனால் முழுக் கட்டணமும் திரும்பக் கட்ட வேண்டும். மாதிரித் தேர்வில் நல்ல மார்க் வரும்வரை தேதி வாங்க வேண்டாம்.

இந்தச் சான்றிதழ் மட்டும் வேலை வாங்கித் தராது. இன்டர்வியூவுக்குக் கூப்பிட ஒரு காரணம் கொடுக்கும், அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தில் மகளையும் வரச்சொல்லிக் கேட்டோம். பாத்திரக்கடை கதையை எங்களைவிட நன்றாக அவளே சொன்னாள். தேர்வுக் கட்டணத்துக்கு மட்டும் 10,000 உள்கடன், கட்டிய ரசீதைக் குழுவில் காட்ட வேண்டும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பயிற்சி நிலையத்துக்குக் கேட்ட மீதி 20,000-ஐ அம்மாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.