கடற்பாசியும் மாட்டின் ஏப்பமும்

அம்பாங் வட்டாரக் கடைகளில் அகார்-அகார் பொட்டலம் வாங்குவோரில் பலர், அது கடலில் விளைந்த பொருள் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. சாக்லேட் பாலும் ஐஸ்கிரீமும் கெட்டியாக இருப்பதற்குச் சேர்க்கப்படும் காராஜீனனும் கடற்பாசியிலிருந்தே எடுக்கப்படுகிறது. பாலில் கலக்கும் பாசியைப் போன்ற வேறொரு பாசியை, பால் தரும் மாட்டின் தீவனத்திலேயே கலந்தால் புவி வெப்பமடைவதைச் சற்றுத் தணிக்கலாம் என்கின்றனர் ஆய்வாளர்கள்.

மாடு தின்னும் புல் அதன் முதல் இரைப்பையில் நுண்ணுயிர்களால் நொதிக்கிறது. அப்போது ஹைட்ரஜனும் கரியமில வாயுவும் உண்டாகின்றன. அங்கு வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அவ்விரண்டையும் சேர்த்து மீத்தேனாக மாற்றுகின்றன. இந்த வாயு வால்பக்கமாக வெளியேறுகிறது என்று சொல்லிச் சிரிப்போர் உண்டு. உண்மையில் பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வருகிறது. நூறாண்டுக் கணக்கில், ஒரு டன் மீத்தேன் ஒரு டன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஆனால், அது சுமார் 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். எனவே, மீத்தேனைக் குறைத்தால் அதன் பலனை விரைவில் காணலாம்.

ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தினரும் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தினரும் பல பாசிகளைச் சோதித்தனர். அவற்றுள் அஸ்பராகோப்சிஸ் என்ற சிவப்புப் பாசி முந்தி நின்றது. ஹவாய்த் தீவு மக்கள் உணவில் சுவைக்காகச் சேர்க்கும் பாசிதான் அது. அதிலுள்ள புரோமோஃபார்ம் என்ற வேதிப்பொருள், மீத்தேன் உருவாகும் கடைசிப் படியைத் தடுக்கிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 21 மாடுகளுக்கு ஐந்து மாதம் இப்பாசி கொடுக்கப்பட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கிராம் உண்ட மாடுகளில் மீத்தேன் 82 விழுக்காடுவரை குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது. மாடுகளின் எடை கூடுவதும் தடைபடவில்லை.

சிக்கல் அளவில்தான் இருக்கிறது. உலகில் சுமார் 150 கோடி மாடுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 80 கிராம் என்றால் ஒரு நாளைக்கு 1,20,000 டன் உலர்ந்த பாசி வேண்டும். ஓராண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல். உலகம் முழுவதும் இப்போது விளையும் எல்லாவகைக் கடற்பாசியும் சேர்ந்தே, அதுவும் ஈரத்தோடு நிறுத்தால்தான், 3.5 கோடி டன் அளவில் வரும். காய்ந்தபின் அதில் மிகச் சிறிய பங்கே மிஞ்சும்.

மலேசியாவில் கடற்பாசி வேளாண்மை பெரும்பாலும் சபாவில், குறிப்பாகச் செம்போர்னாக் கடற்பகுதியில் நடைபெறுகிறது. அங்கு வளர்க்கப்படுவது காராஜீனன் தரும் காப்பாபைகஸ் பாசி. வளர்ந்த பாசியிலிருந்து ஒரு துண்டை ஒடித்துக் கயிற்றில் கட்டிக் கடலில் மிதக்கவிட்டால், ஆறேழு வாரங்களில் அறுவடை செய்யலாம். மரவள்ளிக் குச்சியை ஒடித்து நடுவது போன்ற எளிய முறை. அஸ்பராகோப்சிஸ் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. அதன் வாழ்க்கைச் சுழற்சியில் பஞ்சுருண்டை போன்ற ஒரு பருவம் உண்டு. முற்காலத்தில் தாவரவியலார் அதைத் தனி இனமென்றே எண்ணி வேறு பெயர் சூட்டியிருந்தனர்! அந்தப் பருவத்தைத் தொட்டியில் வளர்த்து, அதன் வித்துகளைக் கயிற்றில் ஒட்டவைக்க வேண்டும். அறுவடைக்குப் பிறகும் தொல்லை தீராது. புரோமோஃபார்ம் எளிதில் ஆவியாகும். வெயிலில் காயவைத்தால் பயன் போய்விடும். ஆதலால் பாசியை உறையவைத்து உலர்த்துகின்றனர். அல்லது எண்ணெயில் ஊறவைக்கின்றனர். இரண்டுக்கும் செலவு அதிகம்.

கடலும் சூடாகி வருகிறது. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் கடலோரத்தில் மகளிர் குழுக்கள் மூங்கில் மிதவைகளில் காப்பாபைகஸ் வளர்த்து நல்ல வருமானம் ஈட்டின. 2013ஆம் ஆண்டையொட்டிப் பாசி பெருமளவில் அழிந்து, விளைச்சல் சரிந்தது. நீரின் வெப்பம் கூடியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. வெப்பத்தைத் தணிக்க நாம் நம்பும் பயிரையே வெப்பம் அழிக்கக்கூடும்.

எனவே, சில நிறுவனங்கள் நிலத்தில் தொட்டி அமைத்து அஸ்பராகோப்சிஸை வளர்க்கின்றன. வேறு சில, கடலையே நாடாமல் புரோமோஃபார்மை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்துத் தீவனத்தில் கலக்க முயல்கின்றன. அம்முயற்சி வென்றால் தீவனத்தின் விலை குறையலாம். ஆனால், செம்போர்னாவில் கயிறு கட்டும் குடும்பங்களுக்குப் புதிய சந்தை எதுவும் கிடைக்காது.