நஞ்சை உண்ணும் நுண்ணுயிர்கள்

வீட்டுச் சாக்கடை நீரைச் சுத்திகரிப்பது போலவே பூச்சிக்கொல்லி ஆலையின் கழிவுநீரையும் சுத்திகரித்துவிடலாம் என்று எண்ணுதல் தவறாகும். சாக்கடையின் அழுக்கு நுண்ணுயிர்களுக்கு உணவு. ஆலைக் கழிவிலோ, உணவே உண்பவற்றுக்கு நஞ்சாகிறது.

எனினும் பழக்கினால் நஞ்சும் உணவாகும். பிலிப்பைன்ஸ் நாட்டின் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில், டயசினான் இடப்பட்ட வயலிலிருந்து, அதனையும் பாரத்தியானையும் சிதைக்கும் பாக்டீரியம் ஒன்றைப் பிரித்தெடுத்ததாகச் சேதுநாதனும் யோஷிதாவும் 1973இல் அறிவித்தனர். இதன் மரபணுவைப் பின்னாளில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தார் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆனால் பாரத்தியானை இப்பாக்டீரியம் இரண்டாகப் பிளப்பதோடு நின்றுவிடுகிறது. எஞ்சும் பாராநைட்ரோபீனாலும் நச்சுப் பொருளே. அதனை உண்ண வேறு நுண்ணுயிர்கள் வேண்டும். ஆகவே தொட்டியில் தேவைப்படுவது தனியொரு வீரன் அன்று, ஒரு குடியிருப்பு. அது நிலைபெற நாட்கள் பல ஆகும். அழிய ஒரு லாரிக் கழிவு போதும்.

ஹைதராபாதை அடுத்த பட்டான்செருவின் அனுபவம் இங்கு நினைக்கத்தக்கது. அங்குள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திற்கு ஏறத்தாழ 90 மருந்து உற்பத்தி ஆலைகளின் கழிவுநீர் வந்துகொண்டிருந்தது. சுத்திகரித்து வெளியேற்றிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததாக 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பாக்டீரியங்களைக் கொல்வதற்கென்றே செய்த மருந்து அது! பூச்சிக்கொல்லியன்று எனினும், பாடம் ஒன்றே.

2009இல் 18 கிலோமீட்டர் குழாய் வழியே இக்கழிவு நகரச் சாக்கடையுடன் சேர்க்கப்பட்டு, அம்பர்பேட்டை நிலையத்திற்குச் செல்லலாயிற்று. சாக்கடை நீர் நுண்ணுயிர்களுக்கு எளிய உணவளிக்கும் என்பது உண்மையே. ஆயினும் நீரின் அளவு பத்து மடங்கானால் செறிவு பத்தில் ஒன்றாகிறது. நஞ்சின் எடை அப்படியே இருக்கிறது. பொருளாதாரம் பயின்றவனுக்கு இது வெறும் கணக்கு மாற்றமாகவே தோன்றுகிறது.

பொது நிலையம் சிற்றாலைகளின் செலவைப் பகிர்ந்துகொள்ள உதவுகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நீரின் அளவை மட்டும் கொண்டு கட்டணம் விதித்தால், கழிவைச் செறிவாக அனுப்புபவரே இலாபமடைவார். நச்சுச் சுமைக்கேற்ப விதித்தால், ஆலையிலேயே முன்சுத்திகரிப்புச் செய்வது சிக்கனமாகும். கரிமப் பாஸ்பரஸ் மருந்துகள் பலவற்றைக் காரம் சேர்த்தே பெருமளவு சிதைத்துவிடலாம். அதன்பின் நுண்ணுயிர்களின் வேலை எளிது.

டி.டி.டி. போன்ற குளோரின் மருந்துகள் இவ்வளவு எளிதில் சிதைவதில்லை; அடிவண்டலில் ஒட்டிக்கொள்கின்றன. வெளியேறும் நீர் தெளிவாக இருக்கும். அவ்வண்டலை எருவென்று வயலில் இட்டால், நஞ்சு மீண்டும் மண்ணையே சேரும்.